ஒன்பது வீடு, பத்துச் சுவர்

அந்தத் தெருவின் தெற்குப் பக்கத்தில் ஒன்பது வீடுகள் ஒட்டி நிற்கின்றன. நூற்று முப்பது வருடத்துக் கட்டடம். யாரோ ஒரு புண்ணியவான் ஒரே மூச்சில் கட்டியது. ஒவ்வொன்றுக்கும் ஒரே மாதிரி கதவு, ஒரே மாதிரி மூன்று ஜன்னல், ஒன்பதுக்கும் பொதுவாக மாடியில் நீளமான ஒரு மரத் தாழ்வாரம். முகப்பு குறுகல், உள்ளே நீளம். முன்னறை, அதன் பின்னால் கூடம், கூடத்துக்குப் பின்னால் வெளிச்சத்துக்காக வானத்தைப் பார்த்துத் திறந்துவிட்ட சின்ன முற்றம், கடைசியில் சமையலறை. பக்கவாட்டில் ஜன்னல் வைக்க வழியில்லை, அங்கே அடுத்தவர் குடியிருக்கிறார். மாடிப்படி பக்கச் சுவரை ஒட்டிச் செங்குத்தாக ஏறும். ஏறத் தெரிந்தவர்களுக்கே இறங்கத் தெரியாது.

நாலாம் வீட்டில் இருப்பவள் ஸ்கேலக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் பென்ஷன் புத்தகத்தில் இருக்கிறது, அதைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. நகராட்சியின் வரைபடப் பிரிவில் முப்பத்தேழு வருடம் வேலை பார்த்தவள். வீடு கட்ட அனுமதி கேட்டு வருகிற படங்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். கால் அங்குலம் இடித்தால் போதும், படம் வந்த வழியே திரும்பிப் போகும். ஒரு காண்ட்ராக்டர் ஒரே படத்தை ஏழு தடவை கொண்டுவந்தார். எட்டாவது தடவை மகளை அனுப்பினார். மகள் அதற்குள் இன்ஜினியரிங் முடித்திருந்தாள்.

கணவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கு அவரும் கண்டக்டர்தான், பேரெல்லாம் கிடையாது. "எங்க வீட்ல கோடு போட்டா அது கோடு" என்று டீக்கடையில் அடிக்கடி சொல்வார். அதில் பாதி பெருமை, பாதி அனுபவம்.

ஸ்கேலக்கா போட்ட கோடுகளில் பேர்பெற்ற கோடு அந்த ஒன்பது வீட்டு வரைபடம்தான். வேலைக்குச் சேர்ந்த ஆறாம் மாதம் வரைந்தது. பழைய கட்டடங்களை எல்லாம் பதிவு செய்ய வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அவளிடம் ஒரு டேப்பையும் ஒரு தாளையும் கொடுத்து அனுப்பினார்கள். படம் அவ்வளவு சுத்தமாக வந்தது. பிரிவின் தலைவர் அதைச் சட்டம் போட்டுத் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டினார். அவர் போனார், அடுத்தவர் வந்தார், படம் அங்கேயே இருந்தது. புதிதாகச் சேருகிறவர்களை அதன் முன்னால் நிறுத்தி, "படம்னா இப்படி இருக்கணும்" என்று காட்டுவார்கள்.

அந்தப் படம் வரைந்த கதை ஸ்கேலக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அதையும் அவள் சௌகரியமாக மறந்திருந்தாள். அப்போது அவளுக்கு இருபத்துமூன்று வயது. முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டுவதென்றால் உடம்பெல்லாம் கூசும். முதல் வீட்டில் ஒரு அம்மாள் உள்ளே விட்டாள். ஸ்கேலக்கா நன்றாக அளந்தாள். கூடம் பதின்மூன்றரை அடி அகலம், இந்தப் பக்கம் ஒன்றரை அடிச் சுவர், அந்தப் பக்கம் ஒன்றரை அடிச் சுவர். இரண்டாம் வீட்டில் துண்டோடு ஒரு ஆள் வந்து கதவைத் திறந்தார். "என்ன?" என்றார். "ஒண்ணுமில்லங்க" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டாள். எல்லாம் ஒரே மாதிரி வீடுதானே. முதல் வீட்டையே ஒன்பது தடவை வரைந்தால் தீர்ந்தது.

வரைந்து கூட்டிப் பார்த்தால் மொத்தம் நூற்று நாற்பத்தெட்டரை அடி வந்தது. தெருவில் நின்று அளந்தது நூற்று முப்பத்தாறரை. பன்னிரண்டு அடி அதிகம். வரைபடம் போடுகிறவர்களுக்கு இதற்கென்று ஒரு வழி உண்டு: கூட்டல் இடிக்கும்போது வித்தியாசத்தை எல்லா அளவுக்கும் சமமாகப் பங்கு போட்டுக் கழித்துவிடுவார்கள். அரை அங்குலம், ஒரு அங்குலத்துக்குச் செய்கிற வேலை அது. பன்னிரண்டு அடிக்கு யாரும் செய்ததில்லை. ஸ்கேலக்கா செய்தாள். ஆளுக்கு ஒரு அடி நான்கு அங்குலம் என்று ஒன்பது கூடத்திலிருந்தும் கழித்தாள். கணக்கு அங்குலம் பிசகாமல் பொருந்தியது. யாரையாவது கேட்டிருந்தால் மறுபடி அளக்கச் சொல்லியிருப்பார்கள். மறுபடி என்றால் எட்டுக் கதவைத் தட்ட வேண்டும்.

பதினான்கு வருடம் கழித்து நாலாம் வீடு விலைக்கு வந்தது. கண்டக்டர் வாங்கலாமா என்று தலையைச் சொறிந்தார். "தனிச்சுவர் வீடுங்க, பக்கத்து வீட்டோட பங்கு கிடையாது. நான்தான் வரைஞ்சேன்" என்றாள் ஸ்கேலக்கா. வாங்கினார்கள். கூடத்துக்கு பீரோ வாங்கும்போது கடைக்காரர் அளவு கேட்டார். அவள் படத்தில் இருந்த அளவைச் சொன்னாள். பீரோவையும் கட்டிலையும் போட்டபிறகு ஐந்தாம் வீட்டுச் சுவரோரம் ஒரு அடி நான்கு அங்குலம் மிச்சமாக நின்றது. "பழைய காலத்துப் பூச்சு உதிர்ந்திருக்கும்" என்றாள் ஸ்கேலக்கா. அந்தச் சந்தில் கண்டக்டர் துடைப்பத்தையும் குடையையும் வைத்தார். இருபத்துநாலு வருடமாக அவை அங்கேதான் இருக்கின்றன.

ஐந்தாம் வீட்டில் கணக்கு டீச்சர் இருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர், மகன் வேறிடத்தில் இருந்ததால் தனியாள், எழுபத்தைந்து வயது. டீச்சர் தும்மினால் நாலாம் வீட்டில் கேட்கும். டம்ளரைக் கீழே வைத்தால் கேட்கும்.

"டீச்சருக்குச் சளி பிடிச்சிருக்கு போல" என்பார் கண்டக்டர்.

"நடுவுல ரெண்டு சுவர் இருக்கு. அது எப்படிங்க கேக்கும்? முற்றம் வழியா வருது" என்பாள் ஸ்கேலக்கா. கண்டக்டர் மேற்கொண்டு பேசமாட்டார். அவருக்குப் படம் பார்க்கத் தெரியாது, காது மட்டும்தான் உண்டு.

போன வருடம் ஒரு நாள் காலை பதினோரு மணி இருக்கும். கண்டக்டர் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தார். ஸ்கேலக்கா கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். சுவரில் தட்டுகிற சத்தம் கேட்டது. மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று தட்டு. டீச்சர் ஆணி அடிக்கிறார் என்று நினைத்தாள். அவர் சுவர், அவர் ஆணி. பக்கத்தைத் திருப்பினாள். இன்னும் இரண்டு தடவை கேட்டது, பிறகு நின்றது. ஆணி இறங்கிவிட்டது என்று நினைத்தாள்.

மாலை நாலரைக்குத் தண்ணீர் கேன் போட வந்தவர்தான் பார்த்தார். டீச்சர் மாடிப்படிக்குக் கீழே கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரி, ஆபரேஷன் எல்லாம் ஆனபிறகு மகன் வந்து தன்னுடைய அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்துப் போனார். தனியாக இருந்து ஒன்று கிடக்க ஒன்று ஆனால் யார் பார்ப்பது என்று ஐந்தாம் வீட்டை ஒரு ஓட்டல்காரருக்கு விற்கப் பேசி முன்பணமும் வாங்கினார். நாலு மாடி கட்ட அனுமதி கிடைத்து, பழையதை இடித்து முடித்ததும் கிரயம், அனுமதி இல்லையென்றால் கிரயமும் இல்லை என்று பேச்சு.

தட்டின சத்தம் கேட்டதை ஸ்கேலக்கா யாரிடமும் சொல்லவில்லை. கண்டக்டரிடமும் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சில மாதம் கழித்து ஒரு புதன்கிழமை ஐந்தாம் வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். திங்கட்கிழமை முதல் கட்டடம் இடிக்கப்படும். நகராட்சியின் பதிவு வரைபடத்தின்படி இருபுறமும் தனிச்சுவர் இருப்பதால் அண்டை வீடுகளுக்குப் பாதிப்பு இல்லை. ஸ்கேலக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். தன் படத்தின் எண்ணைப் பார்த்ததும், உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. உள்ளே வந்து குடையை எடுக்கக் கை நீட்டினாள். நீட்டிய கை அந்தச் சந்தில் அப்படியே நின்றது.

டேப்பை எடுத்துக் கூடத்தை அளந்தாள். பதின்மூன்றரை அடி. படத்தில் பன்னிரண்டு அடி இரண்டு அங்குலம். இன்னொரு தடவை அளந்தாள். பிறகு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டாள். ஒரு அடி நான்கு அங்குலம், ஒன்பது வீட்டுக்குப் பன்னிரண்டு அடி. பன்னிரண்டு அடி என்றால் ஒன்றரை அடிச் சுவர் எட்டு. தாளில் பதினெட்டுச் சுவர் இருந்தது. தெருவில் பத்துதான். முதல் வீட்டின் வலது சுவர்தான் இரண்டாம் வீட்டின் இடது சுவர், இப்படியே கடைசிவரை. பாக்கி எட்டுச் சுவரும் அவள் பென்சிலில் பிறந்தவை.

நிமிர்ந்து மேலே பார்த்தாள். இந்த வீடுகளில் மேல்தளத்து உத்திரம் எல்லாம் பக்கச் சுவரிலிருந்து பக்கச் சுவருக்குத்தான் ஓடுகிறது. முகப்பு சும்மா முகம், அது எதையும் தாங்கவில்லை. ஓட்டல்காரர் தன் சுவர் என்று நினைத்து அதை எடுத்தால் நாலாம் வீட்டு உத்திரங்களுக்கு ஒரு பக்கம் பிடிமானம் இராது. மாடி கூடத்துக்கு வந்துவிடும். இருக்கிறது இந்த ஒரு வீடுதான், போவதற்கு வேறு இடம் கிடையாது. இது ஒன்று. இன்னொன்றும் இருந்தது. அன்றைக்கு டீச்சர் தட்டியது டீச்சர் சுவரை மட்டும் அல்ல.

கண்டக்டரிடம் சுவர் விஷயத்தை மட்டும் சொன்னாள். அவர் நிதானமாகக் கேட்டார்.

"அப்ப டீச்சரோட தும்மல் முற்றம் வழியா வரல?"

"வரல."

"சரி. டீ போடட்டுமா?"

மறுநாள் ஆபீசுக்குப் போனாள். உதவிப் பொறியாளர் எழுந்து நின்று வரவேற்றார். அவர் தலைக்குப் பின்னால் படம் தொங்கியது.

"அந்தப் படம் தப்பு" என்றாள் ஸ்கேலக்கா.

"எந்தப் படம் மேடம்?"

"உங்க தலைக்குப் பின்னாடி இருக்கிற படம்."

அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "காலங்காத்தால விளையாடாதீங்க மேடம். இதக் காட்டித்தான் எனக்கே வேலை சொல்லிக் குடுத்தாங்க."

"முதல் வீட்ட மட்டும் அளந்தேன். மத்த எட்டையும் அளக்கல."

"நீங்க அளக்காம வரைவீங்களா? மேடம், உடம்பு கிடம்பு சரியில்லையா?"

ஆபீஸ் கூடிவிட்டது. ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இன்னொருவர் கண்டக்டருக்குப் போன் போடலாமா என்று கேட்டார். முப்பத்தேழு வருடம் தப்பே செய்யாமல் இருந்ததன் பலனை ஸ்கேலக்கா அன்றைக்கு அனுபவித்தாள். அவள் சொன்னதை யாரும் நம்பவில்லை. அவள் படத்தை எல்லோரும் நம்பினார்கள்.

கடைசியில் எழுத்துமூலம் ஆட்சேபணை கொடுத்தால் பார்க்கலாம் என்றார் பொறியாளர். கிளார்க் படிவத்தை நீட்டினார். மனுதாரர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். வரைபடத்தைத் தயாரித்தவர் என்ற இடத்திலும் தன் பெயரை எழுதினாள்.

"ரெண்டும் ஒரே பேரா இருக்கே அக்கா. சிஸ்டத்துல ஏறாதே" என்றார் கிளார்க்.

"ஏறாட்டி கையால எழுதிக்கோ" என்றாள். அவமானத்தில் காது சுட்டது.

திங்கட்கிழமை எட்டு மணிக்கே இடிக்கும் மேஸ்திரி ஆட்களோடு வந்துவிட்டார். ஓட்டல்காரர் வாசலில் நின்றார். நல்ல மனிதர், ஆனால் கையில் அனுமதிக் கடிதம் வைத்திருந்தார். ஆட்சேபணையை விசாரிக்கப் பத்து மணிக்குப் பொறியாளர் வருவார், அதுவரை பொறுங்கள் என்று ஸ்கேலக்கா கேட்டாள்.

"படத்துல ரெண்டு சுவர்னு இருக்கேம்மா. வரைஞ்சவங்க பெரிய ஆளாமே, அங்குலம் பிசகாதாமே" என்றார் அவர்.

"பிசகும்" என்றாள் ஸ்கேலக்கா.

பொறியாளர் வந்தார். ஐந்தாம் வீட்டுக் கூடத்தில், நாலாம் வீட்டுப் பக்கச் சுவரில் ஏணி போட்டார்கள். உத்திரம் சுவருக்குள் நுழைகிற இடத்தில் மேஸ்திரி காரையைத் தட்டி உதிர்த்து நாலு செங்கலை எடுத்தார். உள்ளே இரண்டு மரம் தெரிந்தது. ஒன்று இந்த வீட்டு உத்திரம். அதை உரசிக்கொண்டு இன்னொன்றின் நுனி, அந்தப் பக்கத்திலிருந்து வந்து அங்கேயே முடிந்திருந்தது.

"இது ஏதோ பழைய மரத்துண்டு. அந்தக் காலத்துல நிரப்பறதுக்குப் போட்டிருப்பாங்க" என்றார் பொறியாளர். நம்ப மனசே வரவில்லை அவருக்கு.

"ஏறி அதுமேல கைய வைங்க" என்றாள் ஸ்கேலக்கா.

ஏறினார். உள்ளங்கையை மர நுனியில் வைத்தார். நாலாம் வீட்டுக் கூடத்தில் கண்டக்டர் தன் வீட்டு உத்திரத்தை ஒட்டி இன்னொரு ஏணியில் சுத்தியலோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்க, அடிங்க" என்றாள் ஸ்கேலக்கா. குரலை உயர்த்தவே இல்லை. வீட்டுக்குள் காபி கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

"சரிம்மா" என்றது சுவர். மூன்று அடி விழுந்தது. பொறியாளர் கையை வெடுக்கென்று எடுத்துவிட்டார்.

"இன்னும் வேணுமா சார்?" என்று கண்டக்டர் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்.

"போதும் சார்" என்றார் பொறியாளர், சுவரைப் பார்த்து. ஏணியிலிருந்து இறங்கி உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். ஓட்டல்காரர் இரண்டு மரத்தையும் அண்ணாந்து பார்த்தார். "நல்லவேளை" என்று சொல்லிவிட்டு அனுமதிக் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தார். மேஸ்திரி எடுத்த நாலு செங்கலையும் பழையபடி வைத்துப் பூசினார். இடிக்க வந்த இடத்தில் பூசிவிட்டுப் போனது அவர் தொழிலில் அதுதான் முதல் தடவையாம்.

அனுமதி ரத்தானது. ஆனால் பதிவுக்குச் சரியான படம் வேண்டும். அதை யார் வரைவது என்ற கேள்வியே எழவில்லை. ஸ்கேலக்கா டேப்பை எடுத்துக்கொண்டு போய், முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் தட்டாத கதவுகளைத் தட்டினாள். ஒவ்வொரு வீட்டிலும் அளந்தபிறகு ஒரு நல்ல செய்தியும் ஒரு கெட்ட செய்தியும் சொல்ல வேண்டியிருந்தது: உங்கள் கூடம் படத்தில் இருப்பதைவிட ஒரு அடி நான்கு அங்குலம் பெரிது, உங்கள் சுவர் முழுக்க உங்களுடையது இல்லை. எட்டாம் வீட்டுக்காரர் மட்டும் கோபித்துக்கொண்டார். ஏழாம் வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாத அவருக்கு ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொள்வது பிடிக்கவில்லை. இதற்கு முன்னாலும் அப்படித்தான் இருந்தது என்று சொன்னாள். முன்னால் தெரியாதே என்றார்.

புதுப் படத்தில் பத்துச் சுவர் வந்தது. ஆபீசில் பழையதைக் கழற்றிவிட்டு அதை மாட்டினார்கள். இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்கு என்ன சொல்லிக் காட்டுகிறார்கள் என்று ஸ்கேலக்கா கேட்கவில்லை.

கிரயம் நின்றுபோனதும் டீச்சர் மகனிடம், வீடு விற்காவிட்டால் நான் எதற்கு இங்கே என்று கேட்டு, அடம்பிடித்துத் திரும்பி வந்துவிட்டார். கைத்தடி வந்திருந்தது. மாடி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் கட்டிலைக் கூடத்தில் போட்டார்கள், பொதுச்சுவரை ஒட்டி.

மூன்று நாள் ஸ்கேலக்கா போகவில்லை. நாலாம் நாள் போனாள். டீச்சர் கட்டிலில் சாய்ந்திருந்தார்.

"வா, ஸ்கேலு. வீட்டக் காப்பாத்திட்டியாமே" என்றார்.

ஸ்கேலக்கா உட்காரவில்லை. வரும் வழியிலேயே வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள், எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"அன்னிக்கு நீங்க தட்டினது கேட்டுச்சு டீச்சர்."

டீச்சர் கைத்தடியின் பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டிருக்கும்னு தெரியும்" என்றார் கடைசியில். "நீ பேப்பர் புரட்டினது எனக்குக் கேட்டுச்சு."

ஸ்கேலக்கா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அழுகை நிற்கவில்லை.

"ஏம்மா வரல?"

"படத்துல ரெண்டு சுவர் இருந்துச்சு டீச்சர்."

கணக்கு டீச்சர் முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளின் தப்புக் கணக்கைப் பார்த்த மனுஷி. எந்த வரியில் பிசகியது என்று தேடுவதுபோல ஸ்கேலக்காவின் முகத்தைப் பார்த்தார்.

"அஞ்சரை மணி நேரம் கிடந்தேன்" என்றார். "உன்மேல கோவம் இல்லன்னு சொல்லமாட்டேன். இருக்கு."

"இருக்கட்டும் டீச்சர்."

"நீ காலைல எத்தனை மணிக்கு எந்திரிப்ப?"

"ஆறு."

"ஆறு மணிக்கு நான் தட்டுவேன். நீயும் தட்டு. நான் தட்டலேன்னா வா."

"வரேன்."

"பேப்பர் அப்புறம் படிச்சுக்கலாம்."

"சரி டீச்சர்."

மறுநாள் அவள் ஐந்தேமுக்காலுக்கே எழுந்து, குடையையும் துடைப்பத்தையும் நகர்த்திவிட்டு, அந்தச் சந்துக்குள் சுவரை ஒட்டி நின்றாள். ஒரு ஆள் நிற்க ஒரு அடி நான்கு அங்குலம் போதும். கையில் பழைய மரஸ்கேல் இருந்தது. ஆறு அடித்தது. ஒன்றும் கேட்கவில்லை. ஆறு ஒன்று ஆனது. கண்டக்டர் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். அவள் செருப்பைக்கூடப் போடாமல் வாசலுக்கு ஓடித் தாழ்ப்பாளில் கை வைத்தபோது, பின்னால் சுவரில் மூன்று தட்டு விழுந்தது.

"எங்க கடிகாரம் ஒரு நிமிஷம் லேட்டு" என்றார் டீச்சர், சுவருக்குள்ளிருந்து.

ஸ்கேலக்கா திரும்பி வந்து, மூச்சு வாங்க, ஸ்கேலால் மூன்று தட்டு தட்டினாள்.